தாத்தாவுக்குக் கொடுத்த தேதி

என் தாத்தாவின் வாழ்க்கையைச் சொல்ல எங்கள் வீட்டில் ஐந்து வாக்கியம் போதும். முதல் உலகப் போர் ஆரம்பித்த வருஷம் பிறந்தார். விஷக்காய்ச்சல் வந்து ஊர் ஊராகச் சனம் செத்த வருஷம் தாயைப் பறிகொடுத்தார். உலகம் முழுக்க விலை சரிந்து, கூலிக்கு அழைப்பார் இல்லாமல் போன காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ரயிலேறி தாராவிக்கு வந்தார். இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்துக்குப் பூட்ஸ் வேண்டியிருந்ததால் தோல் ஷாப்பில் நிலையான வேலை கிடைத்தது. 1944 ஏப்ரல் பதினாலாம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தபோது இறந்துபோனார்.

அவ்வளவுதான். உயரமா குட்டையா, வெற்றிலை போடுவாரா, கோபக்காரரா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. போட்டோ கிடையாது. அவர் வாழ்க்கையில் தேதி உள்ளதெல்லாம் உலகத்தின் தேதிகள். எழுத்து நுழையாத வீடுகளில் அப்படித்தான். பிறந்த நாளை யாரும் குறித்து வைப்பதில்லை. ஊரறிந்த பெரிய சங்கதி ஒன்றின் காலில் ஆளைக் கட்டிப்போட்டுவிடுவார்கள்.

கடைசித் தேதியை மட்டும் நாங்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தோம். அன்று தோல் ஷாப்பில் அவரைக் கைவண்டியோடு துறைமுகத்துக்கு அனுப்பியிருந்தார்கள், கப்பலில் வந்த மரப்பட்டை மூட்டைகளை எடுத்து வர. தோலை ஊறவைக்க அந்தப் பட்டைதான் வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்குக் கப்பல் வெடித்தது. தாராவியிலேயே தரை ஆடியதாம். தாத்தாவும் வண்டியும் திரும்பவில்லை. கூட இருந்தவர்கள் மூன்று நாள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்ப் பார்த்தார்கள். அங்கே கிடந்தவற்றில் முகம் என்று சொல்லும்படி பலவற்றுக்கு ஒன்றும் இல்லை. ஊருக்குக் கடிதம் போட்டார்கள். பதினாறாம் நாள் காரியம் செய்து, அவர் மனைவியின் தாலியைக் கழற்றினார்கள். என் அப்பாவுக்கு அப்போது ஆறு வயது. மொட்டையடித்து, ஈரத்துண்டு கட்டி, எள்ளும் தண்ணீரும் இறைக்க வைத்தார்கள். அறுத்துக் கட்டுகிற வழக்கம் எங்களவர்களிடம் உண்டு. அடுத்த வருஷமே அவளைத் தாத்தாவின் தம்பிக்குக் கட்டி வைத்தார்கள். அப்பா அவரைச் சின்னையா என்று கூப்பிட்டு, அவர் கையில் வளர்ந்து, பதினைந்தாம் வயதில் தானும் தாராவிக்கு வந்து சேர்ந்தார்.

வெடித்த அன்று சித்திரை இரண்டாம் நாள். வருஷா வருஷம் அன்று காலையில் அப்பா மாகிம் கடற்கரைக்குப் போவார். எள், தண்ணீர், மூன்று உருண்டை சோறு. ஸ்ட்ரைக், கலவரம், கொரோனா எதற்கும் அவர் நிறுத்தியதில்லை. கொரோனா வருஷம் போலீஸ்காரன் லத்தியால் முதுகில் போட்டான். வாங்கிக்கொண்டு, இறைத்துவிட்டுத்தான் வந்தார்.

நான் அந்த வீட்டில் அதிகம் இருந்தவனில்லை. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்போடு நின்று, லாரியில் கிளீனராகத் தொற்றிக்கொண்டேன். சூரத்தில் சாயப்பட்டறை, காண்ட்லாவில் கப்பலுக்குப் பெயிண்ட், நாக்பூரில் இட்லி வண்டி, நடுவில் இரண்டு வருஷம் எங்கே இருந்தேன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. கல்யாணம் ஆகவில்லை. கிடைத்த இடத்தில் தூங்கினேன், வேலை முடிந்தால் கிளம்பினேன். இதில் பெருமையும் இல்லை, புகாரும் இல்லை. அறுபது வயது தாண்டியபின் போன பங்குனியில் தங்கை போன் செய்தாள். அவள் புருஷனை இழந்து அப்பாவோடு இருப்பவள். "நீ வந்துரு அண்ணே. அப்பா ஒரு மாதிரி பேசுறாரு. எனக்கு ராத்திரில பயமா இருக்கு" என்றாள்.

வந்து பார்த்தேன். அப்பாவுக்கு எண்பத்தேழு. படுக்கையோடு படுக்கையாகிவிட்டிருந்தார், ஆனால் குரல் பழைய குரல்தான். எங்கள் வீடு ஒரே அறை, வாசலுக்கு எதிரே அவர் கட்டில். வாசலில் ஒருவர் நிற்கிறார் என்றார். யார் என்று கேட்டேன்.

"எங்கய்யால. வேற யாரு. வந்து நிக்காரு, ஒண்ணும் பேசல. நாம் பேசுதது அவருக்குக் கேக்கவும் மாட்டேங்கு."

சர்க்கரை இறங்கினால் இப்படித் தெரியும் என்று டாக்டர் சொன்னதாகத் தங்கை சொன்னாள். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். மாத்திரை மாறியது, அவர் மாறவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு, தெருவில் தண்ணீர் டிரம் உருட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அப்பா பேச்சை நிறுத்திவிட்டு வாசலைப் பார்ப்பார். அவர் பார்வை நிற்கிற உயரத்தில் ஒரு முகம் இருக்க வேண்டும். ஐந்தரை அடி இருக்கும். தாத்தாவின் உயரம் எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

சித்திரை வர மூன்று வாரம் இருந்தது. இந்த வருஷம் எள்ளும் தண்ணீரும் நான் போய் இறைத்துவிட்டு வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டேன்.

"உசுரோட இருந்தவனுக்கு எறச்சிருந்தா என்னல ஆவும்?"

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். உடம்பை யாரும் பார்க்கவில்லை. செத்தார் என்று சொன்னது கப்பல் வெடித்த செய்திதானே ஒழிய, ஆள் இல்லை. ஒருவேளை சாகாமல் எங்கேயோ இருந்திருந்தால், பெற்ற மகனே வருஷா வருஷம் அவருக்குப் பிண்டம் போட்டிருக்கிறான். உயிரோடு இருக்கிறவனுக்கு அதைப் போட்டால் அவனுக்கு இந்தப் பக்கமும் சோறில்லை, அந்தப் பக்கமும் சோறில்லை.

"நீ ஊரு ஊரா அலைஞ்ச பயதான. இதுக்கும் ஒருக்கா அலை. அன்னைக்குச் செத்தாரா இல்லியான்னு மட்டும் கேட்டுட்டு வந்து சொல்லு. நான் போறதுக்கு முந்திச் சொல்லு. போனா அங்ஙன அவரு முகத்துல முழிக்கணும்லா."

எண்பது வருஷத்துக்கு முந்தைய சாவை எங்கே போய் விசாரிப்பது? முதலில் துறைமுகத்துக்குப் போனேன். வாசல் காவலாளி அடையாள அட்டை கேட்டான். தாத்தாவைப் பார்க்க வந்தேன் என்றா சொல்ல முடியும்? திரும்பி மாட்டுங்காவுக்குப் போனேன். அங்கே கோயில் தெருவில் ஒரு வாசகசாலை இருக்கிறது. பழைய ஆபீஸ்காரர் ஒருவர், பாலக்காட்டுப் பக்கம், தினமும் வந்து உட்காருகிறவர், தடிமனான இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை எடுத்து எனக்காகப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். கப்பலில் பஞ்சும் வெடிமருந்தும் தங்கமும் ஒன்றாக இருந்ததாம். தங்கக் கட்டி பறந்து போய் யார் வீட்டுக் கூரையில் விழுந்தது என்றுகூட எழுதியிருந்தது. செத்தவர்கள் பெயர் இருக்கிறதா என்று கேட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கம் எங்கே விழுந்ததுன்னு எழுதிண்டா. கூலியாள் எங்கே விழுந்தான்னு யார் எழுதிண்டு உட்கார்ந்தா?"

கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகவும் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னார். வெளியே வந்து ஒரு காபி குடித்தேன். இதோடு விட்டுவிடலாம் என்று பட்டது. அப்பாவிடம் அன்றைக்கே செத்துவிட்டார் என்று சொன்னால் நம்புவார்.

அதே வாரம் எங்கள் ஊர் ரூமில் பரண் உளுத்துப்போய் இறக்கினார்கள். தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்து ஊர்கள் பலவற்றுக்கு இப்படி ஒரு ரூம் உண்டு. பிழைக்க வருகிற ஆண்கள் வீடு பிடிக்கும்வரை அங்கேதான் படுத்து, ஒரே உலையில் பொங்கித் தின்பார்கள். தாத்தா அதில்தான் இருந்தார். இப்போது யாரும் தங்குவதில்லை. ஊர்க்காரர் கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் வேண்டிய அண்டா, குண்டான், ஜமுக்காளம் எல்லாம் போட்டு வைத்திருந்தார்கள். வேலை இல்லாமல் இருந்ததால் பாத்திரம் தேய்க்க நானும் போனேன்.

ரூமைப் பார்த்துக்கொள்ளும் ஊர்ச் சங்கத்தின் செயலாளர் என்னைவிடப் பத்து வயது இளையவர், பனியன் கடை வைத்திருப்பவர். பாத்திரங்களில் வெட்டியிருந்த பெயர்களை என்னை வாசிக்கச் சொன்னார். "நீரு வாசியும் அண்ணாச்சி, நான் எழுதிக்கிடுதேன். எம்பயலுக்கு ஹிந்தி பேப்பர் குடுத்தா சரசரன்னு ஓட்டுவான். இதக் குடுத்தா, என்னப்பா ஜிலேபியாங்கான்."

உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள். புளி போட்டுத் தேய்த்தால் தெளிந்து வரும். ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போனேன். பத்துப் பதினைந்து பாத்திரத்துக்குப் பிறகு ஒரு பித்தளை அண்டாவில் என் தாத்தாவின் பெயர் இருந்தது. முன்னால் அவர் அப்பாவின் முதலெழுத்து, பின்னால் எங்கள் ஊர், அதன் கீழே 1946.

நான் சத்தமாகத்தான் வாசித்தேன். செயலாளர் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அந்தப் பெயர் எங்கள் குடும்பத்தைத் தவிர ஊரில் யாருக்கும் கிடையாது. யாராவது அவர் நினைவாகக் கொடுத்திருக்கலாம் என்றேன். செயலாளர் இல்லை என்று தலையை ஆட்டினார். ஊர் ரூமுக்கு ஒரு வழக்கம் உண்டு. ரூமை ஒரேயடியாக விட்டுப் போகிறவன், தான் இத்தனை நாள் தின்ற உலைக்கு ஒரு பாத்திரம் வாங்கிப் பெயர் வெட்டி வைத்துவிட்டுப் போவான். ரூமில் இருக்கும்போதே செத்துப் போனவன் பெயரில் பாத்திரம் கிடையாது. செத்தவன் பாத்திரத்தில் பொங்கக்கூடாது என்பார்கள்.

"செத்தவன் பேருல அண்டா இருக்காது அண்ணாச்சி. இது அவரா நடந்து போயி வாங்குனது" என்றார்.

அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். 1944இல் செத்தவர், 1946இல் கடைக்குப் போயிருக்கிறார். பாத்திரத்தைத் தட்டிப் பார்த்திருப்பார். எல்லாரும் செய்வது அதுதான்.

அந்தக் காலத்தில் ரூமை நடத்தியவரின் மகள் செம்பூரில் மகனோடு இருப்பதாகச் செயலாளர் சொன்னார். மறுநாள் குர்லாவில் வண்டி மாறிப் போனேன். எட்டாவது மாடி. அவளுக்கும் எண்பத்தைந்துக்கு மேலே இருக்கும். பெரியம்மா என்றுதான் கூப்பிட்டேன். ரூமுக்கு அடுத்த வீடுதான் அவள் பிறந்து வளர்ந்த வீடு. தாத்தாவின் பெயரைச் சொன்னதும், "செவுட்டு மாமாவா?" என்றாள்.

நான் சொன்னேன், அவர் செவிடு இல்லை என்று. எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"கப்பல்ல போச்சு தம்பி அந்தக் காது. அதுக்குப் பொறவு வந்தவரத்தான் எனக்குத் தெரியும்."

அவள் சொன்னதை நான் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். வெடித்ததில் தாத்தாவின் கழுத்தும் ஒரு தோளும் வெந்து, இரண்டு காதும் போய்விட்டன. பட்டாளத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மாதக்கணக்கில் கிடந்தார். எழுதத் தெரியாது. கேட்பதும் கேட்காது. தமிழ் தெரிந்தவர் அங்கே இல்லை. எழுந்து நடக்க ஆனதும் கல்யாண் பக்கம் ஒரு பட்டாள முகாமில் சமையல்கட்டில் பாத்திரம் கழுவ வைத்துக்கொண்டார்கள். தான் எங்கே இருக்கிறோம் என்றே அவருக்கு வெகுநாள் தெரியவில்லையாம். உலகப் போர் முடிந்து முகாமைக் கலைத்தபோது அவரையும் வெளியே விட்டார்கள். ரயில் பாதையைப் பிடித்து நடந்தே தாராவிக்கு வந்தார். அது ஐப்பசியோ கார்த்திகையோ. ரூமில் இருந்தவர்கள் அவரைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். காரியம் முடிந்த ஆள்.

அவளுடைய அப்பாதான் கதவைத் திறந்து சோறு போட்டார். ஊருக்கு ஒரு கார்டு எழுதினார். உயிரோடு இருக்கிறார், காது கேட்கவில்லை, ஊருக்கு வரலாமா என்று ஒரு வரி எழுதவும். தபால்காரன் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தாத்தாவுக்குக் கேட்காது. அதனால் காலையிலிருந்து சந்து முனையில் போய் நின்றுகொள்வார்.

"நாந்தான் போயி அவரு கையத் தட்டுவேன். தபால்காரன் போயிட்டான், வாங்க மாமான்னு. சரின்னு தலைய ஆட்டுவாரு. ஆனா வரமாட்டாரு. நின்னுக்கிட்டே இருப்பாரு" என்றாள்.

மூன்று மாதம். தை மாதம் ஊரிலிருந்து ஒருவன் வேலைக்கு வந்தான். அவன்தான் சொன்னான், மனைவியைத் தம்பிக்குக் கட்டி வைத்தாயிற்று, இப்போது ஆறு மாதம் என்று. இதைக் காது கேட்காதவருக்கு எப்படிச் சொல்வது? ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் அவளுடைய அப்பா கழுத்தில் தாலி கட்டுவது போல விரலால் காட்டி, பிறகு வயிற்றின் மேல் கையைக் குவித்துக் காட்டினார். தாத்தா அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, நிறுத்தச் சொல்வது போல அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டாராம்.

மறுநாள் அண்டா வாங்கி வந்தார். மாசியில் ஒரு விடியற்காலை துணியை மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார். எங்கே என்று சொல்லவில்லை. அந்த வாரம் கப்பற்படைச் சிப்பாய்கள் வெள்ளைக்காரனை எதிர்த்து எழும்பி, பம்பாய்த் தெருவெங்கும் துப்பாக்கி வெடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளை வெளியே விடவில்லை, அதனால் நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றாள்.

திரும்பி வருகிற ரயிலில் என் மனது தானாக ஒரு காரியம் செய்தது. ஊரடங்குத் தெரு. மூட்டையோடு ஒரு ஆள் நடக்கிறான். பின்னாலிருந்து நில் என்று கத்துகிறார்கள். அவனுக்குக் கேட்கவில்லை. அதற்கு மேல் யோசிக்க வேண்டியதே இல்லை, எல்லாம் பொருந்திவிட்டது. பொருந்திய வேகத்தைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. எங்கள் ஆட்கள் முதல் தடவையும் இப்படித்தானே செய்தார்கள்? ஒரு மனிதனைக் காணவில்லை, பக்கத்தில் ஒரு பெரிய செய்தி கிடக்கிறது, இரண்டையும் முடிச்சுப் போட்டாயிற்று. பெரிய செய்திகளின் நாளில் சாகாமல், பெயரில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை வயிற்றுப்போக்கில் செத்தவர்கள்தான் உலகத்தில் அதிகம். நானே பல ஊர்களில் பார்த்திருக்கிறேன்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். தங்கை அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அண்டாவைச் சொன்னேன், ஆஸ்பத்திரியைச் சொன்னேன், முகாமைச் சொன்னேன். ஊருக்கு ஒரு கார்டு போட்டார்கள் என்று சொன்னபோது அவர் கையைத் தூக்கினார்.

"என்ன எழுதியிருந்துச்சுன்னு சொன்னாவளா?"

சொன்னேன். உயிரோடு இருக்கிறார். காது கேட்கவில்லை. வரலாமா.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"அந்தக் கார்டு எங் கையிலதான் வந்துச்சு. ரெண்டாங்கிளாஸு. வீட்டுல எழுத்து தெரிஞ்சது நா ஒருத்தன்தான். எங்கம்மை அரிசி களைஞ்சிட்டு இருந்தா. எழுத்துக் கூட்டி வாசிச்சேன். இன்னொருக்கா வாசின்னா. வாசிச்சேன். கார்ட வாங்கி அடுப்புல வச்சா. ஒனக்கு இன்னும் எழுத்து சரியா வரலைல, நீ தப்பாப் படிக்கன்னா."

அவ்வளவுதான் அவள் சொன்னது. அடிக்கவில்லை, யாரிடமும் சொல்லாதே என்றும் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. தான் தப்பாகப் படித்ததை யாரிடம் போய்ச் சொல்வது? அடுத்த மாதம் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். சின்னையா மாடு மேய்க்க அனுப்பினார். என் அப்பா கைநாட்டு என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். ரேஷன் கார்டிலும் பேங்கிலும் அவர் பெருவிரலைத்தான் வைப்பார். கடிதம் வந்தால் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார்.

"அப்பம் நாஞ் சரியாத்தான் படிச்சிருக்கேன்?" என்றார்.

"சரியாத்தான் படிச்சிருக்கீங்க."

"பதில் வரும்னு பாத்தாராமா?"

சந்து முனையில் நின்றதை நான் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அந்த இடத்தில் என்னால் சொல்ல முடியவில்லை. தெரியவில்லை என்றேன்.

"பாத்திருப்பாரு" என்றார். "அதான் நிக்காரு."

தங்கை வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பிறகு மாசி மாதம், துப்பாக்கிச்சூடு எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, அப்படியானால் அந்தத் தேதியையே வைத்துக்கொள்வோமா, அன்றைக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்போமா என்றார். ஒரு தேதி கையில் இருந்தால் போதும் போல இருந்தது அவருக்கு. நான் வேண்டாம் என்றேன். ஒரு தடவை தேதி கொடுத்தது போதும். தேதி தெரியாதவர்களுக்கு அமாவாசை இருக்கிறது. அப்பா தலையை ஆட்டினார், ஆனால் ஒத்துக்கொண்டது போல இல்லை.

சித்திரை இரண்டாம் நாள் யாரும் மாகிமுக்குப் போகவில்லை. மத்தியானம் தங்கையிடம் தன் தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டு வைக்கச் சொன்னார். இலை வேண்டாம், படையல் வேண்டாம், நாம் சாப்பிடுகிற தட்டு. குழம்பில் உப்பு பார்த்துப் போடு என்றார். படைக்கிற சோற்றை ருசி பார்க்கக்கூடாது. இது படைக்கிற சோறு இல்லை என்று அவர் சொல்வது எங்களுக்குப் புரிந்தது. அவள் உப்பு பார்த்துப் போட்டாள். அன்று அப்பா நன்றாகச் சாப்பிட்டார். எனக்குத்தான் இறங்கவில்லை. அந்தத் தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்ததைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஒரு வாரம் கழித்து எங்கள் சந்தில் கணக்கெடுக்க வந்தார்கள். தாராவியை இடித்துக் கட்டப்போகிறார்களாம், வீட்டுக்கு வீடு ஆள் எண்ணுகிறார்கள். கையில் டேப்லெட் வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பெண், கூட இரண்டு பேர், பின்னால் சந்து முழுக்க அக்கம்பக்கத்தார். வாசலில் நின்றபடியே அந்தப் பெண் ஹிந்தியில் எத்தனை பேர் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா கட்டிலிலிருந்து "சார்" என்று ஹிந்தியில் சொன்னார். நாலு.

பெயர் கேட்டாள். தன் பெயர், தங்கை பெயர், என் பெயர் மூன்றையும் சொன்னார். நாலாவதாகத் தன் அப்பாவின் பெயரைச் சொன்னார். அவ்வளவு தெளிவாக அவர் ஒரு பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் பெண் தட்டிக்கொண்டாள். உறவு என்ன என்றாள். மேரே பாப், என் அப்பா, என்றார். வயது?

"பத்தீஸ்" என்றார் அப்பா. முப்பத்திரண்டு, ரூமை விட்டுப் போனபோது தாத்தாவுக்கு இருந்த வயது.

அந்தப் பெண் டேப்லெட்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். கெட்ட சிரிப்பு இல்லை. பின்னால் யாரோ என்னவோ சொல்ல, இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அவசரத்தில், வயதானவர், தப்பாகச் சொல்கிறார், மூன்று என்று எழுதுங்கள் என்றேன். "கலத் போல் ரஹே ஹை. தீன் லிக்கோ."

அவள் ஒரு பெயரை அழித்தாள். விரலால் ஒரு தடவை தொட்டதும் போய்விட்டது.

சொன்ன பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். அப்பா கோபப்படவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிதான். தப்பாச் சொல்லிட்டேன்" என்றார் தமிழில்.

வந்தவர்கள் கதவில் ஒரு எண்ணை ஒட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். கூட்டமும் அவர்களோடு நகர்ந்தது. அப்பாவிடம் போய், நீங்கள் சொன்னது சரிதான், அந்தப் பெண்ணிடம் சொன்னால் புரியாது, அதனால்தான் என்றேன். சரி என்றார். அன்று மத்தியானமும் மறுநாளும் இதையே வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சரி என்றார்.

வாசலில் நிற்பவரைப் பற்றி அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தங்கையிடம் பேசுகிறார் போலிருக்கிறது. நான் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டுத் திரும்பும்போது உள்ளே பேச்சு நின்றுவிடும். இரண்டாவது தட்டு இன்னும் வைக்கிறாள். உள்ளே நுழையும்போது நான் வாசலில் ஒரு பக்கமாக ஒதுங்கித்தான் வருகிறேன்.